பிறந்ததாகக் கொள்ளப்படும்

உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் ஜவஹரின் மேட்சிங் சென்டர் இருக்கிறது. புடவையைக் கையோடு கொண்டுவந்து, அதே நிறத்தில் ஜாக்கெட் துணி கேட்டு, ட்யூப்லைட்டை நம்பாமல் தெருவுக்கு ஓடி வெயிலில் பிடித்துப் பார்த்து, "இது கொஞ்சம் டல்லடிக்குதே" என்று திரும்பி வருகிற பெண்களால் பகல் முழுக்கக் கடை திணறும். அதே கடையின் மாடியில், ரூபியா துணிக் கட்டுகளுக்கும் லைனிங் மூட்டைகளுக்கும் நடுவே மேஜை போட்டு, ஒரு அம்மாள் ஜெர்மன் நாட்டுச் சட்டத்தை இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், யார் வேண்டாமென்றது. ஜவஹரின் மனைவி ஸ்வர்ணலதா கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் செய்கிறாள்.

ஏதோ பிறவி ஞானம் என்று நினைத்துவிட வேண்டாம். பி.காம். முடித்த கையோடு சிநேகிதி ஒருத்தி ஜெர்மன் கிளாஸில் சேர்ந்தாள், இவள் சும்மா துணைக்குப் போனாள். சிநேகிதிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் பாதியில் கழன்றுகொண்டாள். துணைக்குப் போனவள் மாட்டிக்கொண்டாள். பிறகு கிண்டியில் ஒரு மெஷின் கம்பெனியில் வேலை. எந்த போல்ட்டை எத்தனை இறுக்க வேண்டும், எந்தப் பட்டனைத் தொட்டால் கை போகும், இதெல்லாம் எழுதி எழுதி, மெல்ல ஒப்பந்தங்கள் பக்கம் வந்து, அங்கிருந்து வக்கீல்கள் கையில் சிக்கினாள். இப்போது சென்னையில் ஜெர்மன் கோர்ட் காகிதம் எந்த வக்கீலிடம் வந்தாலும் பாதி இந்த ரூபியா கட்டுகளுக்கு நடுவேதான் வந்து விழுகிறது.

அவள் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். ஜெர்மனைப் பார்த்து நேரே இங்கிலீஷில் எழுதவே மாட்டாள். முதலில் வாய்விட்டுத் தமிழில் சொல்வாள், எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து ம் கொட்ட வேண்டும். சட்ட ஜெர்மன் என்பது விஷயத்தைக் கடைசி வரைக்கும் கையில் மூடி வைத்துக்கொண்டு ஆளைத் தவிக்க விடுகிற பாஷை. தமிழும் அதே ரகம்தான் என்று அவளுக்கு ஆரம்பத்திலேயே பிடிபட்டுவிட்டது. தமிழில் சொல்லி, கேட்கிறவனுக்கும் விளங்கிவிட்டால், அதற்கப்புறம் இங்கிலீஷில் பிரித்துப் போடுவது சுலபம் என்பாள். ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் பகலில் ம் கொட்ட ஆளில்லை. அதனால்தான் மேஜையே கடை மாடிக்கு வந்தது. கூட்டம் ஓய்கிற நேரம் பார்த்து ஜவஹர் மேலே வந்து உட்காருவார். அவருக்கு ஜெர்மன் ஒரு எழுத்து தெரியாது, இங்கிலீஷ் பில் போடுகிற அளவுக்குத் தெரியும். ஆனால் பொய்க்கு ம் கொட்ட மாட்டார். விளங்காத இடத்தில் பேசாமல் இருப்பார். அந்த இடத்தைத்தான் அவள் திரும்ப எடுத்துப் பிரித்து மேய்வாள்.

சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா. இப்பதான் கம்ப்யூட்டரே எல்லாத்தையும் மாத்திக் கொடுக்குதே லதா, நீ எதுக்கு இன்னும் கண்ணைக் கெடுத்துக்கறே என்று கல்யாண வீட்டில் கேட்பார்கள். கம்ப்யூட்டர் மாத்தும், கீழே கையெழுத்துப் போட்டு கோர்ட்டில் யார் பதில் சொல்றது, உங்க மாப்பிள்ளையா என்று கேட்டுவிட்டு ரசம் பரிமாறப் போய்விடுவாள். அவளுக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. காகிதத்தில் இருப்பதை எழுதிக் கொடுப்பாள், கட்சிக்காரரைக் கூப்பிட்டு உனக்கு ஜெயம், உனக்குத் தோல்வி என்று பலன் சொல்ல மாட்டாள். அதெல்லாம் வக்கீல் வேலை.

அந்தக் கட்டுப்பாட்டோடு எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மே மாதம், கத்திரி வெயிலில், இரண்டு பெண்கள் கைக்குழந்தையோடு கடை வாசலில் வந்து நின்றார்கள். ஜாக்கெட் துணிக்கு வந்தவர்கள் என்று ஜவஹர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். மூத்தவள் பெயர் சுப்பம்மா, இளையவள் அவளுடைய மருமகள் அன்புச்செல்வி. மயிலாப்பூர் வக்கீல் ஹனீஃபா அனுப்பினார் என்று சொல்லி, ஜெர்மனியிலிருந்து வந்த உறையை இளையவள் நீட்டினாள்.

ஹனீஃபா முன்பே அனுப்பியிருந்த காகிதங்களால் ஸ்வர்ணலதாவுக்கு அந்த வழக்கு தெரியும், முகங்கள்தான் தெரியாது. கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்து, பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். சுப்பம்மா இன்னும் பஸ் பிடித்து கோட்டூர்புரத்துக்கே வந்து வீட்டு வேலை செய்கிறாள். அப்படிச் செய்துதான் ஒரே மகன் மகேஷை நர்ஸ் படிப்புப் படிக்க வைத்தாள். அவனுக்கு ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பொங்கலுக்கு லீவில் வந்தான், திரும்பிப் போனான், மார்ச் மாதத்தில் ஒரு நாள் மழையில் சைக்கிளில் டியூட்டிக்குப் போகும்போது லாரி அடித்துச் செத்துப்போனான். அங்கேயே குடியிருந்தவன் என்பதால் அங்கத்துச் சட்டம்தான் செல்லும். அந்த ஊர்க் கோர்ட் ஒரு வாரிசுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அவன் விட்டுப்போனது கை மாறும். அந்தச் சான்றிதழில் குழந்தையின் பெயர் வருமா வராதா என்பதுதான் வழக்கு.

ஏன் வராமல் போகும்? அதை அன்புச்செல்வி மாடிக்கு வந்து, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள். மாமியார் கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

மகேஷ் செத்தபோது இவளுக்கு இரண்டாம் மாதம். புருஷனுக்கு மட்டும் போனில் சொல்லியிருந்தாள். மூணு மாசம் முடியாமல் வெளியில் சொல்லக்கூடாது, முடிந்ததும் அம்மாவிடம் நானே சொல்கிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். அதற்குள் எழவு விழுந்துவிட்டது. உடம்பு வந்து சேருவதற்கு முன்பே இங்கே வாரிசு விசாரிக்கத் தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். குழந்தை உண்டா என்று கேட்டார். குழந்தை இல்லைங்க, என் புள்ள அப்படியே போயிட்டான் என்று சுப்பம்மா அழுதுகொண்டே சொன்னாள், சொன்னதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். அன்புச்செல்வி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். சாவு வீட்டில், இத்தனை ஜனத்துக்கு முன்னால், மூணு மாசம் முடியாத விஷயத்தை எப்படி வாய் திறப்பது? அவளுக்கு நாக்கு எழவில்லை. மனைவி ஒருத்தி, தாய் ஒருத்தி என்று இரண்டே பேர் போட்ட அந்தக் காகிதம் ஜெர்மன் கோர்ட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

பிறகு விஷயம் தெரிந்ததும் சுப்பம்மா தன் வாயிலேயே அடித்துக்கொண்டாளாம். அக்டோபரில் குழந்தை பிறந்தது, தமிழ்நிலா என்று பெயர் வைத்தார்கள். இன்றுவரை சுப்பம்மா அதைத் தூக்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுப்பாள், துணி துவைப்பாள், ஏணையை ஆட்டுவாள், கையில் மட்டும் எடுக்க மாட்டாள். இல்லவே இல்லன்னு சொன்ன வாய் இது, அந்தக் காகிதத்துல பேரு ஏறட்டும், அப்பறம் தூக்கறேன் என்று சொல்லிவிட்டாளாம். ஸ்வர்ணலதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சற்று முன் கீழே அன்புச்செல்வி தண்ணீர் குடிக்கக் குழந்தையை யாரிடமாவது கொடுக்க வேண்டியிருந்தது, பக்கத்திலேயே மாமியார் இருக்க, கல்லாவில் நின்ற ஜவஹரிடம் கொடுத்தாள். மாடிப்படியிலிருந்து அதைப் பார்த்தவள் இதென்ன கூத்து என்று அப்போது நினைத்திருந்தாள்.

அன்புச்செல்வி கீழே போனதும் உறையைப் பிரித்து முதல் பக்கத்தைப் படித்தாள். நல்ல கோர்ட், தீர்ப்பை மேலேயே போட்டுவிடும் என்று பார்த்தால், மேலே இருந்தது இவ்வளவுதான். 'கேட்கப்பட்ட சான்றிதழைக் கொடுப்பதற்குத் தேவையான உண்மைகள் நிலைநாட்டப்பட்டதாகக் கருதப்படுகின்றன.' அட தெய்வமே. கேட்கப்பட்டது எந்தச் சான்றிதழ்? அங்கத்து வக்கீல் ஒரே மனுவில் இரண்டு விதமாகக் கேட்டிருந்தார். பிள்ளை கணக்கில் இல்லை என்றால் வாரிசுகள் இன்னார், பிள்ளை கணக்கில் உண்டு என்றால் வாரிசுகள் இன்னார். இதில் எதை என்று அந்த ஒரு வரியில் இல்லை. மனுஷன் பெயரோ, பெண்டு பிள்ளை பெயரோ எதுவுமில்லாத அந்த மாதிரி வாக்கியங்களோடு மல்லுக்கட்டித்தான் அவள் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள். ஆனால் கீழே இரண்டு பேர் மாடிப்படியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஒன்றைப் படித்ததில்லை.

கடையில் வேலை பார்க்கிற பெண்ணிடம் கல்லாவை விட்டுவிட்டு ஜவஹர் மேலே வந்தார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவன் லீவில் வந்து போன தேதி, இங்கே ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன், குழந்தை பிறந்த நாள், தாய் முதலில் கொடுத்த வாக்குமூலம் வேண்டுமென்று சொன்ன பொய்யல்ல, அப்போது அவருக்குத் தெரியாது என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது. ஜவஹர் ஒவ்வொன்றுக்கும் ம் போட்டார். அடுத்த பக்கம் திருப்பினாள். சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியம் எடுத்துப் போட்டிருந்தது. வழக்கம்போலத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

'ஒருவர் இறந்து அவருடைய உரிமை வாரிசுகள் மேல் இறங்குகிற கணத்தில் இன்னும் பிறக்காமல், ஆனால் கருவில் ஏற்கெனவே உண்டாகியிருந்தவர், அந்தக் கணத்துக்கு முன்பே பிறந்தவராகக் கொள்ளப்படுவார்.'

ம் வரவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஜவஹர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். விளங்கலையா என்று கேட்டாள். விளங்குது, அதான் என்றார்.

இந்தக் 'கொள்ளப்படும்' இருக்கிறதே, இதை அவள் ஆயிரம் தடவை எழுதியிருப்பாள். ஒப்பந்தங்களில் எப்போதும் வரும். தபாலில் போட்ட நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். எதிர்ப்பு வராவிட்டால் சரக்கு ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். உப்புச்சப்பில்லாத வார்த்தை, தூக்கத்தில் கேட்டால்கூட 'டீம்ட்' என்று இங்கிலீஷில் சொல்லிவிடுவாள். அதே வார்த்தை இங்கே வந்து என்ன காரியம் செய்கிறது பாருங்கள். குழந்தை பிறக்கவில்லை என்று சட்டத்துக்குத் தெரியும். தெரியாமல் சொல்லவில்லை, ஏமாந்தும் சொல்லவில்லை. பிறக்கவில்லை என்று முதல் பாதியில் தானே ஒப்புக்கொண்டுவிட்டு, ஆனாலும் பிறந்ததாகத்தான் நான் வைத்துக்கொள்வேன், நீயும் வைத்துக்கொள், இந்த நாட்டில் எல்லாரும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டாம் பாதியில் கட்டளை போடுகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் கோட்டும் மீசையுமாக உட்கார்ந்து நிலம், கடன், வாடகை என்று எழுதிக்கொண்டிருந்த யாரோ சில ஆண்கள், நடுவில் பேனாவை நிறுத்தி, அப்பன் சாகும்போது வயிற்றில் இருக்கிற பிள்ளை என்ன பாவம் செய்தது என்று யோசித்திருக்கிறார்கள். யோசித்து, சாவு வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையை உள்ளே தூக்கி வைத்துவிட்டார்கள். ஸ்வர்ணலதாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்தப் புத்தகத்தோடா இத்தனை நாள் குடித்தனம் செய்தோம், ஒருநாள்கூட அதன் முகத்தைப் பார்க்கவில்லையே என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

இங்கிலீஷில் அந்த வாக்கியத்தை எழுத அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. உரிமை இறங்குகிற கணம் என்பதற்கு ஜெர்மனில் ஒரே சொல். அது சாவும் இல்லை, சொத்தும் இல்லை, சாவின்போது சொத்துக்கு நேர்கிற ஒன்று. இங்கிலீஷில் நான்கைந்து சொல்லைப் போட்டுப் பார்த்து, அடித்து, திரும்பப் போட்டாள். கடைசியில் ஒன்று பொருந்தி உட்கார்ந்தது. சந்தோஷமாக இருந்தது. பெயர் ஏறிவிட்டது, அந்தக் கிழவி, கிழவி என்ன கிழவி, இவளைவிட நாலு வயசு கூட இருப்பாள், அவள் குழந்தையைத் தூக்கலாம் என்று நினைத்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனாள்.

அடுத்த வரி இடி மாதிரி விழுந்தது. 'ஆகவே, இறந்தவரின் தாய் வாரிசுரிமைக்கு அழைக்கப்படவில்லை.'

திரும்பப் படித்தாள். வழக்குக் காகிதக் கட்டிலிருந்து மனுவின் நகலைத் தேடி எடுத்துப் பார்த்தாள். பிள்ளை உண்டு என்றால் என்ற பகுதியில் இரண்டே பெயர்கள், அன்புச்செல்வி, தமிழ்நிலா. சுப்பம்மா இல்லை. அந்த நாட்டில் பிள்ளை இருந்துவிட்டால் பெற்றவர்களுக்கு இடமில்லை. நம் ஊரில் வாரிசுச் சான்றிதழ் என்றால் தாய் பெயர் இல்லாமல் யாராவது பார்த்திருக்கிறோமா? குழந்தை உண்டு என்றால் இருக்கிற இரண்டு பேரோடு மூன்றாவதாகக் குழந்தையும் சேரும் என்று எல்லாருமே எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனில் இருந்த அந்தப் பகுதியை இங்கே யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இப்போது பேத்தியை உள்ளே கொண்டுவந்த அதே வாக்கியம் பாட்டியை வெளியே நிறுத்திவிட்டது.

ஹனீஃபாவுக்குப் போன் போட்டாள். கோர்ட்டில் இருந்தவர் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னாள். அவரும் மூன்று பேர் என்றுதான் நினைத்திருக்கிறார். இன்றைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லி நானே பக்குவமாகச் சொல்கிறேன், ஒரே புள்ளயைப் பறிகொடுத்தவங்க என்றார். அதுதான் முறை. ஸ்வர்ணலதாவும் அப்படியே செய்கிறேன் என்றுதான் போனை வைத்தாள். திரும்பினால் மாடிப்படியில் சுப்பம்மா நிற்கிறாள். பின்னால் குழந்தையோடு அன்புச்செல்வி.

"இன்னாம்மா போட்டுக்கீது?" என்றாள் சுப்பம்மா.

வக்கீல் நாளைக்குச் சொல்வார் என்று சொல்ல வேண்டியதுதான். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள், நாக்கு பழகின வாக்கியம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து இன்னும் ஒரு ராத்திரி இரு என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஏழு மாசமாகப் பக்கத்திலேயே இருக்கிற பேத்தியைத் தொடாமல் இருக்கிறவளுக்கு நாளை என்று ஒரு நாள் கொடுக்க நாம் யார் என்று தோன்றிவிட்டது. ஜவஹரைப் பார்த்தாள். சொல்லிடு என்பது போல அவர் தலையசைத்தார். கீழே உட்காரச் சொல்லி, அவளும் தரையில் எதிரே உட்கார்ந்து, அந்த வாக்கியத்தை நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னாள். பிறகு வீட்டுப் பேச்சில் இன்னொரு தடவை சொன்னாள். மகேஷ் இறந்தப்ப உங்க பேத்தி வயித்துல இருந்தா, அதனால அவன் இறக்கறதுக்கு முன்னாடியே பிறந்தவளா அவளை வெச்சுக்கணும்னு சட்டம், கோர்ட் அப்படித்தான் வெச்சுக்கிட்டிருக்கு, அவ பேரு ஏறிடுச்சு.

அன்புச்செல்வி குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதாள். சுப்பம்மா அழவில்லை. அசையவும் இல்லை. மிச்சத்தையும் சொல்லிவிடுவது என்று ஸ்வர்ணலதா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கும்மா. உங்க பேரு இதுல இல்ல. அந்த நாட்டுல பிள்ளை இருக்கறவனுக்கு அவன் அம்மா வாரிசு கிடையாது. பிள்ளை இல்லாம போனவனுக்குத்தான் அம்மா வாரிசு."

அன்புச்செல்விக்கு அழுகை சட்டென்று நின்றது. அத்தை, எனக்குத் தெரியாது அத்தை, சத்தியமா இப்படின்னு தெரியாது என்று கையைப் பிடிக்கப் போனாள். சுப்பம்மா கையைக் காட்டி அவளைத் தடுத்தாள். ஸ்வர்ணலதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத காயிதத்துல என் பேரு இருந்துச்சே, அது புள்ள இல்லாம போனவன்னு நான் சொன்னதாலதானே?"

"ஆமாம்மா."

"இப்ப என் பேர எடுத்துட்டாங்கன்னா?"

சுப்பம்மாவின் முகம் மாறுவதை ஸ்வர்ணலதா பார்த்துக்கொண்டே இருந்தாள். மூக்கு விடைத்தது, உதடு கோணியது, ஒரு வருஷத்துக்கு மேலாக இறுகிக் கிடந்த முகம் மெல்ல மலர்ந்தது. இப்படி ஒரு முகத்தை ஸ்வர்ணலதா அதற்கு முன் கண்டதில்லை. பெயர் அடிபட்டுப் போனதற்கு யாராவது இப்படிப் பூரிப்பார்களா.

"அப்ப எம் புள்ள அப்பனாத்தான் போயிருக்கான்," என்றாள் சுப்பம்மா.

முந்தானையில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அன்புச்செல்வி குழந்தையைக் கொடுத்தாள். பழக்கமில்லாத கை என்று அது முதலில் உடம்பை முறுக்கியது, பிறகு மூக்குத்தியைப் பார்த்து அதைப் பிடுங்கப் பார்த்தது. சுப்பம்மா அதன் கன்னத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் இருப்பதே தெரியாத மாதிரி அதோடு பேசினாள்.

"உங்கப்பன் உன்னப் பாத்துட்டுத்தாண்டி போனான்."

சட்டம் அவ்வளவு தூரம் சொல்லவில்லை. ஸ்வர்ணலதா திருத்தவில்லை.